சருகினடியில் ஒரு வண்டு

நான் பள்ளியில் பணியாற்றிய நாளில் சிறுவன் ஒருவன், தோப்புச் சருகினடியிற் கண்ட கடுகினும் சிறிய பூச்சியொன்றைக் காகிதத்தில் மடித்துக் கொணர்ந்தான். "ஐயா, இதன் பெயர் என்ன?" என்று வினவினான். "ஏதோ ஒரு வண்டு, போய் உட்கார்" என்றேன். அறியாமையை அதட்டலால் மறைப்பது எங்கள் தொழிலில் பழைய வித்தை.

மற்றொரு வண்டின் வரலாற்றைக் கேளுங்கள். ஆப்பிரிக்காவில் உள்ள கென்யா நாட்டில், 1960களில் வில்லியம் பிளாக் என்னும் அறிஞர் மண்ணிலிருந்தும் இலைச்சருகிலிருந்தும் நுண்பூச்சிகளைச் சேகரித்தார். அவை 1978இல் இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தை அடைந்தன. அவற்றுள் ஒன்றின் நீளம் 0.79 மில்லிமீட்டர். அதற்குக் கண்ணுமில்லை, சிறகுமில்லை. சருகின் இருளில் அவை எதற்கு? பெயரின்றிக் கிடந்த அதனைப் பல்லாண்டுகளுக்குப் பின் மைக்கேல் டார்பி என்பவர் எடுத்து ஆராய்ந்தார்.

பெயரிடுதல் எளிதன்று. அதுகாறும் விவரிக்கப்பெற்ற உறவினங்களோடு ஒப்பிட்டு, எதனோடும் பொருந்தாமையைக் காட்டவேண்டும். அளந்து, வரைந்து, எழுதி அச்சிடவேண்டும். பின்னாளில் எவருக்கேனும் ஐயம் எழுந்தால் எடுத்துப் பார்க்க, ஓர் உடலை மூலமாதிரியாகக் காத்து வைக்கவும் வேண்டும். 2019இல் அச்சேறிய பெயர் 'நெல்லோப்டோடெஸ் கிரெட்டே'. சுற்றுச்சூழலுக்காகக் குரல் கொடுத்த சுவீடன் நாட்டு மாணவி கிரெட்டா துன்பர்க்கின் பெயரையே டார்பி அதற்குச் சூட்டினார். அம்மாணவியின் இரட்டைப் பின்னலைப் போல் வண்டுக்கும் நீண்ட உணர்கொம்புகள் இரண்டு!

அச்சிறுவனின் வண்டுக்குப் பெயர் இருந்ததோ இல்லையோ, அறியேன். அந்தக் காகிதத்தைப் பிரித்துக்கூடப் பாராமல் குப்பைக் கூடையில் இட்டுவிட்டேன்.