டாக்டர் ஆகாவிட்டாலும் மருத்துவமனையில் இடம் உண்டு

(யோங் பெங்கில் பதிவான தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



எனக்கு முன் பேசியவர் மருத்துவப் படிப்பைப் பற்றிப் பேசினார். நல்ல கைதட்டல். நான் பேச வந்திருப்பது யாரும் கைதட்டாத ஒரு வேலையைப் பற்றி. சுகாதாரத் தகவல் தொழில்நுட்பம் என்று பெயர். பெயர்தான் நீளம். டாக்டர் எழுதியது, இரத்தப் பரிசோதனையில் வந்தது, மருந்தகம் கொடுத்தது எல்லாவற்றையும் உரிய நோயாளியின் பெயரில், பிழையில்லாமல், தேடியவுடன் கிடைக்கும்படி கணினியில் வைத்துக் காப்பதுதான் வேலை.

இதில் என்ன வித்தை இருக்கிறது என்கிறீர்களா? என் மாமா ஒரு முறை மருத்துவமனைக்குப் போயிருந்தார். எந்த மருத்துவமனை என்பது இங்கே வேண்டாம். பெயர் சொல்லி அழைத்தார்கள், உள்ளே போனார். டாக்டர் கோப்பைப் புரட்டிவிட்டு, "காசநோய் மருந்தை முடித்துவிட்டீர்களா?" என்று கேட்டார். மாமாவுக்குக் காசநோயே வந்ததில்லை! வெளியே அதே பெயரில் இன்னொருவர் உட்கார்ந்திருந்தார். மாமா வாய் திறந்து கேட்டதால் பிழைத்தார். கேட்காமல் கொடுத்த மாத்திரையை வாங்கிக்கொண்டு வருகிற தாத்தா பாட்டிகள் நம்மிடையே எத்தனை பேர்? நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. மகன் பெயரும் தகப்பன் பெயரும் சேர்ந்தேகூட இரண்டு பேருக்கு ஒத்துப்போகும். எழுத்துக்கூட்டலோ பிறப்புப் பத்திரத்தில் ஒன்று, மருத்துவ அட்டையில் வேறு. அடையாள அட்டையின் 12 இலக்கங்களையும் சரிபார்த்த பிறகே கோப்பைத் திறக்கப் பழகிய ஒருவர் அங்கே இருந்திருந்தால் இந்தக் குழப்பம் வந்திருக்காது.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. ஒவ்வொரு நோய்க்கும் உலகச் சுகாதார நிறுவனம் குறியீடு வைத்திருக்கிறது. அதன் பத்தாம் பதிப்பில் இரண்டாம் வகை நீரிழிவுக்கு இ11. அதனால் சிறுநீரகம் கெட்டிருந்தால் இ11.2, காலுக்கு இரத்தம் ஓடாமல் போயிருந்தால் இ11.5. டாக்டர் அவசரத்தில் 'டயாபிட்டிஸ்' என்று மட்டும் எழுதிவிட்டால் அது வகை தெரியாத நீரிழிவாக இ14இல் போய் விழும். 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களில் மட்டும் 31.4 விழுக்காடு. அது வீடு வீடாகப் போய், விரல் நுனியில் இரத்தம் எடுத்துக் கண்ட கணக்கு. அவர்களில் எத்தனை பேர் சிறுநீரகத்தை இழந்து, எத்தனை பேர் காலை இழந்து மருத்துவமனைக்கு வந்தார்கள் என்பதை மருத்துவமனைப் பதிவேடுதான் சொல்ல வேண்டும். அங்கே குறியீடு தவறினால் நம்மவர் பட்ட வேதனை கணக்கிலேயே ஏறாது. கணக்கில் ஏறாத நோய்க்கு டயாலிசிஸ் இயந்திரம் எங்கிருந்து வரும்?

1999இல் திறக்கப்பட்ட செலாயாங் மருத்துவமனை 'காகிதமில்லா மருத்துவமனை' என்று பேசப்பட்டது. நம் மாநிலத்தில் ஜொகூர் பாருவின் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையும் 2004இல் கணினி முறையோடுதான் வந்தது. இயந்திரம் வந்துவிட்டது. அதற்கு ஆள் எங்கே படித்து வருவது?

அமெரிக்காவில் இதைச் சமூகக் கல்லூரியில் படிக்கிறார்கள். இரண்டு ஆண்டுப் படிப்பு, பிறகு மருத்துவப் பதிவுத் துறையின் தேர்வு. 2009இல் அந்நாடு மின்னியல் மருத்துவப் பதிவுக்குச் சட்டம் இயற்றியபோது ஆள் போதவில்லை. பெரிய பல்கலைக்கழகங்களோடு நிறுத்திக்கொள்ளாமல் 82 சமூகக் கல்லூரிகளிடமும் பணம் கொடுத்து, ஆறு மாதப் பயிற்சி நடத்தச் சொன்னார்கள்.

நம் நாட்டில் சமூகக் கல்லூரிகள் 2001இல் 12 கல்லூரிகளோடு தொடங்கின. நமக்குச் சிகாமாட்டிலும் லேடாங்கிலும் உண்டு. எஸ்.பி.எம். முடித்தவர்களுக்கான இடம் அது. ஆனால் நம் பிள்ளைகளில் பலர் அந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. அறிவியல் பாடத்தில் 'சி' வந்துவிட்டால் மருத்துவமனைக் கனவை மூட்டைகட்டிவிட்டு, சிங்கப்பூர்த் தொழிற்சாலை வேனில் ஏறிவிடுகிறார்கள். நான் அந்த வேலையைக் குறை சொல்லவில்லை. வேறு வழி இருப்பது தெரியாமல் போவதுதான் எனக்கு வருத்தம்.

நான் சொல்லும் வழி இதுதான். சமூகக் கல்லூரியில் கணினி, வலையமைப்புச் சான்றிதழ் படியுங்கள். சேரும் முன் கல்லூரியிடம், தொழிற்பயிற்சிக்கு எங்கே அனுப்புவீர்கள் என்று கேளுங்கள். கணினிக் கடைக்கு என்றால், மருத்துவமனைக்குப் போகலாமா என்று மறுபடியும் கேளுங்கள். யோங் பெங்குக்கு ஒரு பக்கம் பத்து பகாட், மறு பக்கம் குளுவாங். இரண்டிலும் அரசாங்க மருத்துவமனை இருக்கிறது. நேரில் போய், கடிதம் கொடுத்து விசாரியுங்கள். பதிவு அறையில் கொஞ்ச காலம் உட்காராத பிள்ளைக்கு இந்தத் தொழில் பிடிபடாது என்பது என் கருத்து. பளபளப்பான விளம்பரத்தோடு டிப்ளோமா விற்கும் தனியார் கல்லூரி என்றால், எம்.கியூ.ஏ. அங்கீகாரத்தைப் பார்க்காமல் ஒரு வெள்ளிகூடக் கட்டாதீர்கள். ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். இதில் டாக்டர் சம்பளம் கிடைக்காது.

தம்பி தங்கைகளுக்கு இன்னொன்று. இந்த நாற்காலியில் உட்கார்ந்தால் பக்கத்து வீட்டு அக்காவின் நோய் உங்களுக்குத் தெரியும். நம்மூரில் ஒரு சொல் காலையில் வாய் தவறினால் மாலைக்குள் பசார் முழுக்கப் பரவிவிடும். வாயைக் கட்டத் தெரியாதவர்கள் இந்தப் படிப்புப் பக்கம் வர வேண்டாம்.

விண்ணப்பம் இணையத்தில்தான். நிகழ்ச்சி முடிந்ததும் வாசலருகே உள்ள மேசையில் இருப்பேன். எஸ்.பி.எம். முடிவுத் தாளையும் அடையாள அட்டையையும் எடுத்து வந்தவர்கள் நில்லுங்கள், சேர்ந்து நிரப்பிவிடலாம்.