முதுமையில் பிரயாணமும் கும்மியும்



உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற தம்பதிகள் கோடைக்காலத்தை எவ்வாறு கழிக்கிறார்கள்? நம் நாட்டில் இக்கேள்விக்கு விடை எளிது. விடுமுறைக்கு வந்த பேரக்குழந்தைகளுக்குப் பலகாரம் செய்தும், அவர்களுடைய சண்டைகளைத் தீர்த்து வைத்தும் கழிக்கிறார்கள். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ அவ்வயதினருள் ஒரு சாரார் வீட்டைப் பூட்டிவிட்டு, மற்றொரு வீட்டை ஓட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார்கள். படுக்கை, அடுப்பு, குளியலறை அனைத்தும் அடங்கிய வண்டி அது. 'கேரவன்' என்றால் படப்பிடிப்பில் நடிகர்கள் இளைப்பாறும் வண்டி என்றே நம்மவர் அறிவர். அங்கே அது பென்ஷன்காரரின் வண்டி.

இவ்வழக்கத்திற்கு ஊக்கமளித்தவர்களுள் வாலி பயம் என்பவர் குறிப்பிடத்தக்கவர். 'ஏர்ஸ்ட்ரீம்' என்னும் அலுமினிய இழுவை வண்டிகளைச் செய்து விற்ற அவர், அவற்றை வாங்கியோரைத் திரட்டிக்கொண்டு, 1959-ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் கேப்டவுனிலிருந்து கெய்ரோவை நோக்கி ஊர்வலமாகப் புறப்பட்டார். பாதையே இல்லாத இடங்களிலும் அவ்வண்டிகள் சென்றன. வண்டியை விற்றதோடு கடமை முடிந்தது என்று கருதாமல், வாங்கியவரையும் உடன் அழைத்துச் சென்ற வியாபாரி அவர்.

இவ்வாறு செல்லும் முதியோரில் பலருக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. அதனைச் சதுர நடனம் எனலாம். நான்கு ஜோடிகள் ஒரு சதுரத்தின் நான்கு பக்கங்களிலும் நிற்பார்கள். ஒருவர் ஒலிபெருக்கியின் முன் நின்று, இசைக்கு இசைய, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கூவிக்கொண்டிருப்பார். இடக்கையை அண்டை ஜோடியின் பெண்ணுக்குக் கொடு, துணையோடு கைகோத்துச் சுற்றி வா என்றிவ்வாறு கட்டளைகள் பிறக்கும். எந்தக் கட்டளைக்குப் பின் எது வரும் என்று ஆடுவோர் எவருக்கும் தெரியாது. ஆகவே கால்களைக் காட்டிலும் செவிகளுக்கே அதில் வேலை அதிகம். 1952-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் ரிவர்சைடு நகரில் இந்நடனத்திற்கென்று முதல் தேசிய மாநாடே கூடியது. 1979-இல் வாஷிங்டன் மாநிலம் இதனைத் தன் மாநில நடனமாக ஏற்றுக்கொண்டது.

மற்றொரு விசேஷம். ஜப்பானிலும் ஜெர்மனியிலும்கூட இந்நடனத்தின் கட்டளைகள் ஆங்கிலத்திலேயே கூறப்படுகின்றன. பயின்றவர் எவ்வூருக்குச் சென்றாலும், அங்குள்ள ஏழு பேருடன் எட்டாமவராகச் சேர்ந்துகொள்ளலாம். மொழிபெயர்ப்பையே ஜீவனமாகக் கொண்ட எங்களுக்கு வேலையே இல்லாத ஓரிடம் உலகில் உண்டு என்பதை அறிந்து நகைத்தோம். எனினும் ஒரு சங்கடத்தையும் கவனித்தோம். எண்மரில் ஒருவர் குறைந்தால் சதுரம் நிற்பதில்லை. வாழ்க்கைத் துணையை இழந்தவர் ஆட விரும்பினால் வேறொருவரைத் துணையாகத் தேடிக்கொள்ள வேண்டும்.

வண்டியில் வாழும் முதியோர் அனைவரும் இன்பச் சுற்றுலா செல்பவர்கள் என்று எண்ணிவிடலாகாது. 2017-இல் ஜெசிகா ப்ரூடர் எழுதி வெளிவந்த 'நோமட்லேண்ட்' என்னும் நூல், 2008-ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியில் சேமிப்பையும் வீட்டையும் இழந்து, வண்டியையே குடிலாக்கிக்கொண்டு, பருவந்தோறும் கூலி வேலை தேடி ஊர் ஊராகச் செல்லும் முதியவர்களைப் பற்றியது. வெளியே நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே வண்டிதான்.

நம் பக்கத்திற்கு வருவோம். கேரள அரசு 2021-ஆம் ஆண்டில் 'கேரவன் கேரளம்' என்னும் திட்டத்தை அறிவித்தது. மறு ஆண்டில் வாகமணில் இவ்வண்டிகளுக்கான பூங்கா ஒன்று திறக்கப்பட்டது. நல்ல முயற்சியே. ஆயினும் சாதாரண ஓய்வூதியரின் கைக்கு அது எட்டுமா என்பது ஐயம். அரசுப் போக்குவரத்துக் கழகம் மூணாறு, கவி முதலிய இடங்களுக்குக் குறைந்த கட்டணத்தில் நடத்தும் சுற்றுலாப் பேருந்துகளே எங்களுக்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றன.

பிரயாணத்திற்கு ஓய்வுக்காலம் வரட்டும் என்று காத்திராத தம்பதிகளும் இந்நாட்டில் உண்டு. கொச்சி கடவந்திரையில் தேநீர்க்கடை நடத்திய விஜயனையும் அவருடைய மனைவி மோகனாவையும் நேயர்கள் அறிந்திருப்பீர்கள். கடை வருமானத்திலிருந்து நாள்தோறும் 300 ரூபாய் எடுத்து வைப்பார்கள். போதாததற்குக் கடன் வாங்குவார்கள். ஒரு நாட்டைக் கண்டு வந்து, கடனை அடைத்து, அடுத்த நாட்டுக்கு ஆயத்தமாவார்கள். இவ்வாறு 26 நாடுகளைக் கண்டார்கள். 2021 அக்டோபரில் ரஷ்யாவுக்குச் சென்று திரும்பிய விஜயன், அடுத்த மாதமே தமது 71-ஆம் வயதில் காலமானார்.

இச்செய்தியைப் பத்திரிகையில் படித்த நாளில் எங்கள் அன்னையார் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "அந்த அம்மா பார்த்துவிட்டாள்" என்று மட்டும் கூறினார். அதன் காரணத்தைச் சொல்ல வேண்டும்.

நாங்கள் வித்துராவில் வசிக்கிறோம். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காட்டின் வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலையில் உள்ள மலையடிவார ஊர் இது. இங்கிருந்து கல்லாற்றைக் கடந்து 22 கொண்டையூசி வளைவுகள் ஏறினால் பொன்முடி. அம்மலைச் சரிவுகளில் தேயிலைத் தோட்டங்கள் பல. அவற்றுள் ஒன்றில் எங்கள் தந்தையார் கணக்கப்பிள்ளையாக இருந்தார். அன்னையார் அங்கேயே கொழுந்து பறித்தவர். தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்கள் லயங்களில் வாழ்ந்த காலம் அது. பணிக்கொடை கைக்கு வந்ததும் காசிக்குச் செல்வது என்று இருவரும் தீர்மானித்திருந்தார்கள். அப்போதிருந்த 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஐந்தாண்டுக்குக் குறையாமல் பணியாற்றியவருக்கு, ஆண்டொன்றுக்குப் பதினைந்து நாள் ஊதியம் என்ற கணக்கில் பணிக்கொடை உண்டாயிருந்தது. தந்தையார் பலருக்கு அக்கணக்கைத் தம் கையாலேயே போட்டுக் கொடுத்தவர். தோட்டம் நலிந்தது, ஊதியம் நின்றது. அவருடைய பணிக்கொடை வரவில்லை. அவரும் காத்திருந்தே மறைந்தார். பின்னர் அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தபோது பழைய இரயில் கால அட்டவணை ஒன்று கிடைத்தது. காசிக்குச் செல்லும் வண்டிகளின் நேரங்களுக்குக் கீழே பென்சிலால் கோடிட்டிருந்தார்.

அலுவலகத்தில் ஓய்வூதியம், விடுப்புப் பயணச் சலுகை இவை பற்றிய சுற்றறிக்கைகளை மொழிபெயர்ப்பது எங்கள் தொழில். சலுகை விதிகளில் 'சார்ந்து வாழும் பெற்றோர்' என்ற தொடரை எத்தனையோ முறை எழுதியிருக்கிறோம். அத்தொடர் எங்கள் அன்னையாரையும் குறிக்கும் என்பது நெடுநாள் எங்களுக்குத் தோன்றவில்லை. இதைக் கூற வெட்கமாகவே இருக்கிறது. மத்திய அரசு ஊழியர் நான்காண்டுக்கு ஒருமுறை இந்தியாவின் எப்பகுதிக்கும் குடும்பத்துடன் சென்று வரலாம். அச்சலுகையில், ஒரு மே மாதத்தில், அன்னையாரைக் காசிக்கு அழைத்துச் சென்றோம். வெயில் கடுமையாக இருந்தது. படித்துறையில் இறங்க முழங்கால் இடம் கொடுக்கவில்லை; இருவர் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. பத்தாண்டுகளுக்கு முன் வந்திருந்தால் அவர் தாமே இறங்கியிருப்பார். அக்கால அட்டவணையை அவர் மடியில் கொண்டு வந்திருந்தார். ஆற்றில் விடப்போகிறார் என்றெண்ணினோம். இல்லை, திரும்பக் கொண்டு வந்துவிட்டார்.

திரும்பிய ஆண்டு ஓணத்திற்கு எங்கள் தெருவின் குடும்பஸ்ரீப் பெண்கள் பள்ளி மைதானத்தில் திருவாதிரைக்களி ஒத்திகை நடத்தினார்கள். நடுவே குத்துவிளக்கு, சுற்றிலும் கை தட்டியும் குனிந்து நிமிர்ந்தும் ஆடும் பெண்கள். அன்னையார் மைதானத்தின் ஓரத்துத் திண்ணையில் அமர்ந்து தாளம் போட்டுக்கொண்டிருந்தார். இளமையில் லயத்து முற்றத்தில் மாரியம்மன் திருவிழாவில் கும்மியடித்தவர் அல்லவா? ஆனால் கணவனை இழந்தவள் களத்தில் இறங்கலாகாது என்பது அவருடைய உறுதி. திருவாதிரை நோன்பே கணவனின் நன்மைக்காக நோற்பது என்று அவர் காரணமும் கூறினார். அதற்கு எங்களால் மறுமொழி கூற இயலவில்லை.

மூன்றாம் நாள், ஒத்திகையை நடத்தும் பெண்மணி ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவரிடம் வந்து, "அம்மே, வரூ" என்றார். அப்பெண்மணியும் கணவரை இழந்தவரே. அன்னையார் மறுத்தார். இரண்டு பெண்கள் கைகளைப் பிரித்து, நடுவில் ஓர் ஆள் நிற்கும் இடம் விட்டு, பேசாமல் காத்து நின்றார்கள். சதுர நடனத்தைப் போல் இங்கே எண்ணிக்கை இல்லை, ஜோடி இல்லை. எத்தனை பேர் வந்தாலும் வட்டம் அகன்று கொடுக்கும். சிறிது நேரம் கழித்து அன்னையார் எழுந்து, முந்தானையைச் செருகிக்கொண்டு போய் நின்றார்.

அடிகள் தவறின. திருவாதிரைக்களியின் மெல்லிய நடைக்கு அவருடைய தோட்டத்துக் கும்மி சற்று வேகமானது. இரண்டு சுற்றுக்குப் பின் மற்றவர்கள் தங்கள் அடியை விட்டுவிட்டு அவருடைய அடியைப் பின்பற்றலானார்கள். அன்று இரவு முழங்காலுக்குத் தைலம் தேய்க்க வேண்டியிருந்தது. வலிக்கிறதா என்று கேட்டோம். அடுத்த ஒத்திகை என்றைக்கு என்று அவர் எங்களைக் கேட்டார்.