ஹில்டகார்ட் க்னெஃப்

போரில் சிதைந்த ஒரு நாட்டில் கலை மீண்டும் எவ்வாறு தலைதூக்குகிறது என்பதை அறிய விரும்புவோர், ஜெர்மானிய நடிகையும் பாடகியுமான ஹில்டகார்ட் க்னெஃபின் வரலாற்றை நோக்கலாம்.

1925ஆம் ஆண்டில் உல்ம் நகரில் பிறந்த இவர், குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்து பெர்லினில் வளர்ந்தார். ஊஃபா படநிறுவனத்தில் சித்திரம் தீட்டும் பணியில் அமர்ந்து, பின்னர் நடிப்புப் பயின்றார். போருக்குப் பின் ஜெர்மனியில் உருவான முதற் கதைப்படம், 'கொலைகாரர்கள் நம்மிடையே' என்ற பொருளுடைய பெயரில் 1946இல் வெளிவந்தது. வதைமுகாமிலிருந்து இடிந்த பெர்லினுக்குத் திரும்பும் பெண்ணாக அதில் இவர் நடித்துப் புகழெய்தினார்.

ஹாலிவுட் அழைத்தது. பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும், ஆஸ்திரியாவில் பிறந்ததாகக் கூற வேண்டும் என்று அங்கே யோசனை கூறினர். ஜெர்மனியின் பெயரே வெறுப்பூட்டிய காலம் அது. எனினும் இவர் இணங்கவில்லை. வாய்ப்பும் வரவில்லை. தாயகம் திரும்பி நடித்த 'பாவியான பெண்' என்ற 1951ஆம் ஆண்டுப் படத்தில், சில நொடிகளே தோன்றும் ஆடையற்ற காட்சியும் கதையின் போக்கும் திருச்சபையின் கண்டனத்துக்கு ஆளாயின. வழக்கு உச்ச நிர்வாக நீதிமன்றம் வரை சென்றது. திரைப்படமும் கலையே, அதற்கும் அரசியலமைப்பின் பாதுகாப்பு உண்டு என்று 1954இல் தீர்ப்பாயிற்று.

1955இல் நியூயார்க்கில் தொடங்கிய 'பட்டுக் காலுறைகள்' என்னும் இசைநாடகத்தில் இவரே கதாநாயகி. அது 478 முறை மேடையேறியது. அமெரிக்கர் நாவுக்கு எளிதாக அவர் பெயர் அங்கே 'நெஃப்' என வழங்கிற்று. எழுத்துக் குறைந்ததேயன்றிப் பிறந்த நாடு மறைக்கப்படவில்லை.

1960களில் இவர் பாடகியாகப் பெரும்புகழ் பெற்றார். குயிலோடு ஒப்பிடத்தக்க குரலன்று அது. தாழ்ந்து, சற்றே கரகரத்து ஒலிப்பது. ஆனால் ஒவ்வொரு சொல்லையும் பொருளுணர்ந்து, பேசுவது போலவே பாடினார். பாடல்கள் பலவற்றைத் தாமே ஜெர்மன் மொழியில் இயற்றினார். சிவப்பு ரோஜாக்களைப் பற்றிய 1968ஆம் ஆண்டுப் பாடல் இன்றும் அங்கே நினைவுகூரப்படுகிறது.

தம் வரலாற்றை 1970இல் நூலாக வெளியிட்டார். 'தானமாக வந்த குதிரை' என்பது அதன் பெயரின் பொருள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று நாம் சொல்வதை, ஜெர்மானியர் குதிரையை வைத்துச் சொல்கின்றனர். புற்றுநோயுடன் போராடிய அனுபவத்தை 1975இல் மற்றொரு நூலாக்கினார். 2002இல் பெர்லினில் காலமானார்.

பிறமொழி வழங்கும் ஊர்களில் வாழும் நமக்கு இவ்வாழ்க்கை அயலானதன்று. சென்ற இடத்தின் வழக்கை ஏற்பது வேறு. வந்த இடத்தை மறைப்பது வேறு. அவ்வேறுபாட்டை அறிந்து நடந்தவர் இக்கலைஞர்.