வாய்தாவுக்குள் வளரும் குழந்தை



குழந்தை யார் பொறுப்பில் இருப்பது என்ற வழக்குகளைப் பற்றிய தலைமை உரையைச் சட்டத்தின் வரலாற்றிலிருந்து தொடங்குவது வழக்கம். இங்குள்ளவர்கள் அறிந்ததுதான் என்பதால் சுருக்கிக்கொள்கிறேன். காப்பாளர் பற்றிய 1890-ஆம் ஆண்டுச் சட்டம் எல்லா மதத்தினருக்கும் பொது. இந்துக்களுக்கு 1956-ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு. அதன்படி ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்கும், எந்த வயதிலும் குழந்தையின் நலனே முதன்மை. தந்தை உயிரோடிருக்கும்போதும் தாய் காப்பாளராக முடியும் என்று, எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. பிள்ளைகள் பெற்றோரின் உடைமையல்ல என்பதையோ, சென்னையிலிருந்து மேல்முறையீட்டுக்குப் போன ஒரு வழக்கில் 1973-லேயே அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கொள்கையில் எனக்குப் பெரிய குறை இல்லை. குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்பதைப் பல வழக்குகளில் நீதிபதிக்கு முன்பே வாய்தா தீர்மானித்துவிடுகிறது என்பதுதான் என் குறை.

நடப்பதைப் பாருங்கள். ஜி.டபிள்யூ.ஓ.பி. எனப்படும் காப்பாளர் மனு தாக்கலாகிறது. எதிர்மனுதாரர் பதிலுரைக்கு அவகாசம் கேட்கிறார். கவுன்சலிங்குக்குப் போன வழக்கு, பேச்சு முறிந்து திரும்பி வருகிறது. இடையில், குழந்தை இப்போது இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், மற்றவர் சனிக்கிழமை வந்து பார்க்கட்டும் என்று ஓர் இடைக்கால உத்தரவு. தற்காலிகம் என்று நினைத்துத்தான் நீதிபதி அதை எழுதுகிறார். இரண்டு கல்வியாண்டு கழித்து இறுதித் தீர்ப்பில், பழகிய பள்ளி, பழகிய வீடு, மாற்றினால் குழந்தை கலங்கிவிடும் என்பதே முதல் காரணமாக வந்து நிற்கிறது. அந்தப் பழக்கத்தை உண்டாக்கியது நம் நீதிமன்றமேதான்.

கட்சிக்காரர்களுக்கு இது தெரியாமலில்லை. குழந்தை சாதாரணமாக வசிக்கும் மாவட்டத்தில்தான் மனு போட வேண்டும் என்கிறது 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு. ஆகவே, ‘முதலில் பிள்ளையை உங்கள் ஊரில் பள்ளியில் சேர்த்துவிட்டு வாருங்கள், மனுவைப் பிறகு பார்க்கலாம்’ என்ற யோசனை நம் தொழிலில் தாராளமாகக் கிடைக்கிறது. யோசனை சொல்பவர்களில் சிலர் இந்த அவையிலும் இருக்கலாம்.

அடுத்தது குழந்தையின் விருப்பம். விவரம் தெரிந்த குழந்தையானால் அதன் விருப்பத்தையும் கருதலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. நீதிபதி சேம்பருக்கு அழைத்துப் பேசுகிறார். எந்த வகுப்பு, யார் தலை பின்னிவிடுவார்கள் என்று கேட்டுக்கொண்டே போகிறார். ஒன்பது வயதுப் பெண் திடீரென்று, “எனக்கு விசிட்டேஷன் வேண்டாம் சார்” என்கிறாள். பிரிந்திருக்கும் பெற்றோர் வந்து பார்ப்பதைக் குறிக்கும் அந்தச் சொல் அவள் பள்ளிப் பாடத்தில் இல்லை. அதற்காக அவள் சொல்வது பொய் என்றும் ஒதுக்கிவிட முடியாது; அவளுக்கு இப்போது அதுதான் உண்மை. 2017-இல் உச்ச நீதிமன்றம் முடித்த ஒரு வழக்கில், இரண்டு வயது நிறையும் முன்பே தாயைப் பிரிந்து தந்தையிடம் வளர்ந்த சிறுமியைத் தாயிடம் ஒப்படைத்தார்கள். பிரிந்தபின் தாயோடு வாழும் வாய்ப்பே கிடைக்காத குழந்தையிடம் விருப்பம் கேட்பதன் எல்லையை அந்தத் தீர்ப்பு உணர்ந்திருந்தது. ஆனால் அதற்குள் அந்தக் குழந்தைக்கு எட்டு வயதாகிவிட்டது.

பெற்றோரில் ஒருவர் வெளிநாட்டிலிருந்து அழைத்து வந்துவிடும் குழந்தைகளுக்கு இந்தத் தாமதம் இன்னும் கடுமை. குழந்தையை அது வழக்கமாக வசித்த நாட்டுக்கு விரைவாகத் திருப்பி அனுப்பும் 1980-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இலங்கை 2001-லேயே சேர்ந்துவிட்டது, இந்தியா சேரவில்லை. தப்பி வந்த தாய்மாரை அது மீண்டும் வன்முறைக்குள் தள்ளும் என்ற எதிர்ப்பில் நியாயம் உண்டு. எனினும், சேராமல் இருப்பதால் எழும் சிக்கலை ஒவ்வொரு ஆட்கொணர்வு மனுவிலும் தனித்தனியாக அவிழ்த்துக்கொண்டிருக்கிறோம்.

சட்ட ஆணையம் 2015-இல் தன் 257-ஆவது அறிக்கையில் பெற்றோர் இருவரும் பொறுப்பைப் பகிரும் முறைக்குச் சட்டத்தில் இடம் கேட்டது. அது வரும்போது வரட்டும். குழந்தைநல வல்லுநரின் உதவியைப் பெற 1984-ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு இப்போதே வழி தருகிறது. அதை நாம் எடுத்தாள்வது குறைவு. மனு வந்த முதல் மாதத்திலேயே ஒரு வல்லுநர் இரண்டு வீட்டையும் போய்ப் பார்த்து அறிக்கை தந்தால், இடைக்கால உத்தரவுக்கு ஓர் அடிப்படை கிடைக்கும்.

கட்டுரை வாசிக்கப்போகும் இளைஞர்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் மேற்கோள் காட்டும் ஒவ்வொரு தீர்ப்பிலும், மனு போட்ட அன்று குழந்தைக்கு என்ன வயது, தீர்ப்பு வந்த அன்று என்ன வயது என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். முதல் அமர்வைத் தொடங்கலாம்.