மக்காவின் வாசல் ஜித்தா: பழைய கட்டடங்களும் புதிய கட்டடங்களும் சொல்லும் பாடம்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

  

இந்த அவையில் ஜித்தா நகரின் பெயரை அறியாதவர் எவரும் இருக்க முடியாது. ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் சென்று வந்தவர்கள் இருக்கிறீர்கள். ஆண்டுக்கணக்கில் அங்கே உழைத்துக் குடும்பத்தைக் காத்தவர்கள் இருக்கிறீர்கள். 1995ஆம் ஆண்டோடு நின்றுபோன கப்பல் பயணத்தில் சென்று, கடலிலிருந்து அந்நகரைக் கண்ட மூத்த ஹாஜிமார்களும் நம்மிடையே உள்ளனர். எனினும் நம்மில் பெரும்பாலோர்க்கு ஜித்தா என்பது கடந்து செல்லும் ஓர் இடம் மட்டுமே. நெஞ்சம் மக்காவை நோக்கி இருக்கும்போது வழியிலுள்ள சுவர்களை எவர் கவனிப்பார்?

ஆயினும் அந்தச் சுவர்கள் கவனிக்கத் தக்கவை. கடற்கரை ஊரில் எப்படிக் கட்ட வேண்டும், எப்படிக் கட்டக் கூடாது என்னும் இரண்டு பாடங்களையும் ஒரே நகரில் காண விரும்பினால் ஜித்தாவைக் காண வேண்டும். நாமும் கடற்கரை மக்கள். பழைய பள்ளிவாசல்களும் மூதாதையர் வீடுகளும் நம் பொறுப்பில் இருக்கின்றன. ஆகவே இச்செய்தி நமக்கு உரியதாகிறது.

துறைமுகம் பிறந்த வரலாறு

செங்கடலின் கீழைக் கரையில் அமைந்தது ஜித்தா. மூன்றாம் கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 26இல், அதாவது கி.பி. 647 அளவில், இதனை மக்காவின் துறைமுகமாக அறிவித்தார்கள். அதற்கு முன் ஷுஐபா என்னும் இடமே துறைமுகமாக இருந்தது. அன்று முதல் கடல்வழி வரும் யாத்திரிகர்க்கும் வணிகர்க்கும் இந்நகரே வாசலாயிற்று.

1183இல் இங்கு வந்திறங்கிய அந்தலூசியப் பயணி இப்னு ஜுபைர், பெரும்பாலான வீடுகள் நாணற்குடிசைகளாக இருந்ததையும், கல்லாலும் மண்ணாலும் கட்டிய விடுதிகளின் மொட்டை மாடிகளில் மக்கள் இரவு வெப்பத்துக்குத் தப்பி ஓய்வெடுத்ததையும் எழுதி வைத்திருக்கிறார். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துகீசியக் கப்பல்கள் செங்கடலுக்குள் நுழைய முற்பட்டபோது, மம்லூக் ஆட்சியின் தளபதி ஹுஸைன் அல்குர்தி நகரைச் சுற்றி மதில் எழுப்பினார். 1517இல் வந்த போர்த்துகீசியப் படை நகரைக் கைப்பற்ற இயலாது திரும்பிற்று.

1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் ஜித்தாவின் நிலை உயர்ந்தது. நீராவிக் கப்பல்கள் பெருகின. ஹாஜிகளின் எண்ணிக்கையும் வணிகமும் பெருகின. செல்வம் சேர்ந்த வணிகக் குடும்பங்கள் பல மாடி வீடுகளைக் கட்டின. இன்று 'அல்பலத்' எனப்படும் பழைய நகரில் நாம் காணும் உயர்ந்த வீடுகளில் பெரும்பாலானவை அக்காலத்தவை.

முருகைக்கல்லும் தேக்கும்

அவ்வீடுகள் எதனால் கட்டப்பட்டன? கடலே கல் கொடுத்தது. கரையோரப் பாறைத் திட்டுகளிலிருந்து வெட்டியெடுத்த முருகைக்கல்லே சுவர்களின் பொருள். நம் மன்னார் வளைகுடாக் கரையிலும் இக்கல் வழங்கியது. 1964 புயலில் சிதைந்த தனுஷ்கோடித் தேவாலயத்தின் சுவர்களில் அதனை இன்றும் காணலாம். இக்கல் இலேசானது, நுண்துளைகள் நிறைந்தது, வெப்பத்தை எளிதில் உள்ளே விடாதது. ஆனால் வலிமை குறைந்தது. அந்தக் குறையைப் போக்க, சுவர் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரும்தோறும் குறுக்கே மரச் சட்டங்களைப் பதித்தார்கள். அவை மேற்சுமையைச் சுவர் முழுவதும் பரப்பின. அடிநிலம் சற்றே அமிழ்ந்தாலும் சுவர் பிளவுபடாமல் தாங்கின. அப்பகுதியில் நல்ல மரம் ஏது? தேக்கு முதலான மரங்கள் இந்தியாவிலிருந்தும் கிழக்குத் தீவுகளிலிருந்தும் கப்பலில் சென்றன.

அவ்வீடுகளின் சிறப்பு 'ரோஷன்' எனப்படும் மரச் சாளரம் ஆகும். சுவரை விட்டு வெளியே தள்ளி நிற்கும் மரக்கூண்டு போன்றது அது. அதன் பலகணிகள் வெயிலை மறைக்கும், காற்றை விடும், உள்ளிருக்கும் பெண்கள் தெருவைக் காணலாம், தெருவில் செல்வோர் அவர்களைக் காண இயலாது. மண் கூஜாக்களில் நீர் வைத்தால் அக்காற்றில் அது குளிரும். நிழல், காற்று, மறைப்பு, குளிர்நீர் என்னும் நான்கு தேவைகளை ஒரே தச்சு வேலை நிறைவேற்றியது.

தரைத்தளம் வணிகத்துக்கும் விருந்தினர்க்கும் உரியது. மேல் மாடிகள் குடும்பத்துக்கு உரியவை. உச்சியில் கோடை இரவில் உறங்குவதற்கான காற்றோட்ட அறையும் திறந்த மாடியும். ஹஜ் காலத்தில் வீட்டின் பகுதிகளை ஹாஜிகளுக்கு விட்டுக் கொடுப்பர். வாழ்க்கை முறையே கட்டட வடிவம் ஆயிற்று.

இவ்வகையில் புகழ்பெற்றது நஸீஃப் இல்லம். உமர் நஸீஃப் எஃபந்தி என்பவர் 1872க்கும் 1881க்கும் இடையில் இதனைக் கட்டுவித்தார். 1925இல் ஜித்தா நகருக்குள் வந்த மன்னர் அப்துல் அஸீஸ் தங்கியதும் இவ்வீட்டிலேதான். முற்றத்தில் ஒரு மரம் நிற்கிறது. நகரில் வேறு மரமே இல்லாதிருந்த காலத்தில் இதனை 'மரமுள்ள வீடு' என்றே அடையாளம் சொன்னார்கள். அது என்ன மரம் தெரியுமா? நம் வீட்டு வாசல்களில் நிற்கும் அதே வேப்பமரம்!

பழைய நகரின் நடுவே ஷாஃபிஈ பள்ளிவாசல் உள்ளது. அதன் மினாரா பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சார்ந்தது. ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நம் கடற்கரை ஊர்களுக்கு அப்பெயர் கூடுதல் நெருக்கம் தருவதாகும்.

மதில் வீழ்ந்த பின்னர்

1947இல் நகர மதில் இடிக்கப்பட்டது. எண்ணெய் வளம் வந்தது. நகரம் வடக்கே விரைந்து பரந்தது. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஜித்தாவின் மக்கள்தொகை ஏறத்தாழ 37 இலட்சம். செல்வக் குடும்பங்கள் பழைய வீடுகளை விட்டுப் புதிய பகுதிகளின் சிமெண்ட் வீடுகளுக்கும் குளிர்சாதனங்களுக்கும் குடிபெயர்ந்தன. பழைய வீடுகள் வாடகைக்கு விடப்பட்டன; பழுது பார்ப்பார் இல்லை. சில சரிந்து விழுந்தன, சில தீக்கிரையாயின. 2017இல் ஏற்பட்ட தீ விபத்திலும் பழைய வீடுகள் சில அழிந்தன.

புதிய நகரும் இயற்கையிடம் விலை கொடுத்தது. கிழக்கு மலைகளிலிருந்து கடலை நோக்கி வரும் வறண்ட நீரோடைகளின் வழிகளிலே குடியிருப்புகள் எழுந்தன. மழைநீர் வடிகால் போதவில்லை. 2009 நவம்பர் 25இல், ஹஜ்ஜுடைய நாள்களில், சில மணி நேரம் பெய்த பெருமழையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆண்டுக்கணக்கில் நீர் வரவில்லை என்பதால் நீர்வழி இல்லை என்று ஆகிவிடாது. ஓடைகளையும் ஊருணிகளையும் தூர்த்து மனை போடும் நாம் இதனை மறக்கலாகாது.

பழமையைப் புரிந்துகொண்ட புதுமை

புதுமையெல்லாம் தீது என்று நான் சொல்ல வரவில்லை. பழைய வீடுகள் அறிந்திருந்த உண்மையைப் புதிய பொருள்களால் சொன்ன கட்டடங்களும் அதே ஜித்தாவில் உண்டு. மூன்றை மட்டும் குறிப்பிடுகிறேன்.

முதலாவது, 1981இல் திறக்கப்பட்ட ஹஜ் முனையம். ஸ்கிட்மோர், ஓவிங்ஸ் அண்ட் மெரில் என்னும் அமெரிக்க நிறுவனம் இதனை வடிவமைத்தது. கட்டமைப்புப் பொறியியலின் தலைமை அறிஞர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான், 1929இல் அன்றைய வங்காளத்தில் பிறந்தவர். சிகாகோவின் சியர்ஸ் கோபுரத்தை நிலைநிறுத்தியவர். ஆண்டில் சில வாரங்கள் மட்டும் இலட்சக்கணக்கானோர் வந்து, பல மணி நேரம் காத்திருக்கும் இடம் அது. அத்தனை பெரிய பரப்பைச் சுவர் எழுப்பிக் குளிரூட்டுவது வீண் செலவு. ஆகவே பாலைவனக் கூடாரத்தையே எடுத்துக்கொண்டார்கள். டெஃப்லான் பூசிய கண்ணாடி இழைத் துணியால் 210 கூடாரங்கள்; ஒவ்வொன்றும் ஏறத்தாழ 45 மீட்டர் சதுரம். எஃகுத் தூண்களிலிருந்து வடங்களால் தொங்கும் அக்கூரை நூறு ஏக்கருக்கும் மேலான பரப்பை மூடுகிறது. வெண்துணி வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. சிறிதளவு ஒளியை மட்டும் கசிய விடுகிறது. பக்கங்கள் திறந்திருப்பதால் காற்று உலவும். உச்சியிலுள்ள வளையத்தின் வழியே வெப்பக் காற்று வெளியேறும். ரோஷன் செய்த பணியை இங்கே துணி செய்கிறது. 1983இல் இதற்கு ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. ஃபஸ்லுர் ரஹ்மான் கான் 1982இல் காலமானார். அவர் உயிர் பிரிந்த ஊரும் இதே ஜித்தாதான்.

இரண்டாவது, 1983இல் முடிந்த, அன்றைய தேசிய வணிக வங்கியின் 27 மாடிக் கோபுரம். கார்டன் பன்ஷாஃப்ட் வடிவமைத்தது. முக்கோண வடிவமான இக்கட்டடத்தின் வெளிச்சுவர்களில் சாளரமே இல்லை. சுவரைக் குடைந்தாற்போல் மூன்று பெரிய திறப்புகள் மட்டும் உண்டு. அலுவலக அறைகளின் சாளரங்கள் அந்த நிழல் முற்றங்களை நோக்கித் திறக்கின்றன. வெயிலுக்கு முதுகையும் முற்றத்துக்கு முகத்தையும் காட்டும் நம் பழைய முற்றத்து வீடுகளின் முறையே இது.

மூன்றாவது, எகிப்தியக் கட்டடக் கலைஞர் அப்துல் வாஹித் அல்வகீல் 1980களில் ஜித்தாவில் கட்டிய பள்ளிவாசல்கள். இவர் ஹஸன் ஃபத்ஹீயின் மாணவர். கடற்கரைச் சாலையோரம் நிற்கும் சிறு பள்ளிகளை, செங்கல்லால் வளைவும் குவிமாடமும் எழுப்பும் பழைய முறையிலேயே கட்டினார். சிமெண்ட் கூரைக்குமேல் அலங்காரத்துக்காக வைத்த குவிமாடம் அன்று அது. தானே சுமை தாங்கும் குவிமாடம். அவற்றுள் கார்னீஷ் பள்ளிவாசலுக்கு 1989இல் ஆகா கான் விருது வழங்கப்பட்டது. பள்ளியின் சிறப்பு அதன் அளவிலோ ஆடம்பரத்திலோ இல்லை என்பதற்கு அச்சிறு பள்ளியே சான்று.

மீட்பு

பழைய நகரைக் காக்கும் எண்ணம் 1970களிலேயே தோன்றியது. 1972 முதல் 1986 வரை மேயராக இருந்த முஹம்மத் ஸயீத் ஃபார்ஸியின் காலத்தில் அந்தப் பணி தொடங்கிற்று. 2014இல் யுனெஸ்கோ, 'வரலாற்று ஜித்தா, மக்காவின் வாசல்' என்ற பெயரில் அதனை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. 2019இல் 56 பழைய கட்டடங்களைச் சீரமைக்க 5 கோடி ரியால் ஒதுக்கப்பட்டது. இன்னொரு புறம், ஒரு கிலோமீட்டரையும் கடக்கும் உயரத்துக்குத் திட்டமிடப்பட்ட ஜித்தா கோபுரத்தின் பணி 2013இல் தொடங்கி, 2018இல் நின்று, 2025 சனவரியில் மீண்டும் தொடங்கியது. அரசின் பெருஞ்செல்வத்துக்குங்கூட உயரம் எளிதில் வசப்படுவதில்லை. வீழ்ந்துவிட்ட பழைய வீட்டையோ எவ்வளவு செல்வத்தாலும் மீட்க இயலாது. அதே போன்ற ஒன்றைப் புதிதாகக் கட்டலாம், அவ்வளவே.

நம் கடமை

சகோதரர்களே! கீழக்கரை, காயல்பட்டினம் முதலான நம் கடற்கரை ஊர்களில் கல் தூண்கள் தாங்கும் பழைய பள்ளிகள் உள்ளன. கடற்காற்று நுழையும் வெளிப்பள்ளியும், அருகே குளிர்ச்சி தரும் ஹவுளும், கனத்த சுண்ணாம்புச் சுவரும் நம் முன்னோரின் கணக்கு. மின்சாரம் இல்லாத காலத்தில் ளுஹர் தொழுகையில் மக்கள் வியர்வையின்றி நிற்க வேண்டும் என்ற கணக்கு அது. இன்று இடம் போதவில்லை என்பது உண்மை. மக்கள் பெருகியிருக்கிறார்கள், பள்ளி விரிவடையத்தான் வேண்டும். ஆனால் விரிவாக்கம் வேறு. இடித்துத் தள்ளுவது வேறு.

ஆகவே பள்ளியிலோ மதரஸாவிலோ பழைய வீட்டிலோ கை வைக்கும் முன் நாம் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பழைய சுவர் உண்மையிலேயே வலுவிழந்துவிட்டதா? அல்லது பூச்சு மட்டும் உதிர்கிறதா? இதனை அனுபவமுள்ள பொறியாளர் பார்த்துச் சொன்னாரா? புதிய பகுதியைப் பழையதன் அருகிலோ பின்புறமோ சேர்க்க இடமில்லையா? மின்சாரம் தடைப்பட்ட பகலில் புதிய கூடத்தில் மக்கள் நிற்க முடியுமா? அதன் மின்கட்டணத்தை ஜமாஅத்தின் வருமானம் ஆண்டுதோறும் தாங்குமா?

இன்னொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். சுண்ணாம்புக் காரையால் கட்டிய சுவரின்மீது சிமெண்ட் பூசுவது உதவி அன்று, கேடு. கடலோரச் சுவர் உப்போடு ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் அதனை உள்ளேயே அடைத்து வைக்கும். உள்ளே படியும் உப்பு கல்லையே அரித்துவிடும். பின்னர் 'சுவர் கெட்டுவிட்டது, இடிப்போம்' என்போம். கெடுத்தது நாம் பூசிய பூச்சு என்பதை அறியமாட்டோம். சுண்ணாம்பு வேலை அறிந்த முதிய கொத்தனார்கள் இன்னும் சிலர் நம் பகுதிகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் நம் இளைஞர்கள் இப்போதே கற்றுக்கொள்வது, பள்ளிக்குக் கல் எடுத்துக் கொடுப்பதற்கு ஒப்பான தொண்டாகும்.

குறைந்தது ஒரு பணியையாவது இவ்வாண்டே செய்வோம். நம் மஹல்லாவிலுள்ள பழைய கட்டடங்கள் ஒவ்வொன்றையும் அளந்து, படம் எடுத்து, வரைபடம் தயாரித்து, பெரியவர்களிடம் கேட்டறிந்த செய்திகளோடு ஜமாஅத் அலுவலகத்தில் ஓர் ஆவணமாக வைப்போம். எதனைக் காப்பது என்பதை அறிவோடு தீர்மானிக்க அது உதவும்.

அடுத்த முறை ஜித்தாவில் இறங்கும் ஹாஜிகள் முனையத்தின் வெண்கூரையைச் சற்றே நிமிர்ந்து பாருங்கள். நேரம் வாய்த்தால் அல்பலத்தின் சந்துகளில் நடந்து, அந்த வேப்பமர நிழலில் சிறிது நில்லுங்கள். திரும்பி வரும்போது ஸம்ஸம் நீரோடும் பேரீச்சம் பழத்தோடும் அந்த அறிவையும் ஊருக்குக் கொண்டு வாருங்கள்.

முன்னோர் நம்மிடம் ஒப்படைத்த அமானிதத்தைப் பின்வருவோரிடம் பழுதின்றி ஒப்படைக்கும் நல்வாய்ப்பை அல்லாஹ் நம் அனைவர்க்கும் அருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.