சிவகாசியும் சித்திரக்கதையும்

எம். புதுப்பட்டி முதலிய சிவகாசி வட்டாரச் சிற்றூர்களில் ஒரு குழந்தை முதலில் காணும் ஓவியம், பெரும்பாலும் தீப்பெட்டியிலோ பட்டாசுக் கட்டிலோ ஒட்டிய வண்ணத்தாளாகவே இருக்கும். அத்தாள்களை அடித்து வளர்ந்த அச்சுத் தொழிலே நாட்காட்டிகளையும் சித்திரக்கதைகளையும் தந்தது. 1972இல் இரும்புக்கை மாயாவியோடு முத்து காமிக்ஸும், 1984இல் லயன் காமிக்ஸும் சிவகாசியிலிருந்தே புறப்பட்டன. மாயாவி இங்கிலாந்து இதழொன்றில் பிறந்தவன். அவனை வரைந்த பிளாஸ்கோ ஸ்பெயின் நாட்டவர். தமிழ்ச் சிறுவர்களோ அவனைத் தம் தெருக்காரனாகவே வரித்துக்கொண்டனர்.

அவ்வாசகர்கள் தலை நரைத்த பின்னும் ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவையொட்டிக் கூடி மகிழ்ந்திருக்கின்றனர். சென்னையில் 2024இல் நடந்த காமிக் கான் வேறு வகை. அத்தகைய விழாக்களில், தாமே வரைந்து தாமே விற்கும் படைப்பாளர்க்கும் மேசை உண்டு. தனியே சென்றவர் அதைவிட்டு நகர இயலாது. ஆகவே நண்பர்கள் வேண்டும். ஒருவர் சில்லறை கொடுக்க, ஒருவர் வருவோரை அழைக்க, ஓவியர் தலைநிமிராமல் வரைந்துகொண்டிருப்பார்.

இடர் அச்சில்தான். ஆப்செட்டில் நான்கு வண்ணத்துக்கு நான்கு தகடுகள். நூறு படிக்கும் ஐயாயிரம் படிக்கும் தகட்டுச் செலவு ஒன்றே. கடன்பட்டுத் தொகுப்பு வெளியிட்டு, பாதியைக் கட்டிலுக்கடியில் அடுக்கிய கவிஞர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. டிஜிட்டல் அச்சு இன்று ஐம்பது படிக்கும் வழிவிடுகிறது, படியின் விலைதான் சற்றுக் கூடும்.

அயல்நாட்டு நாயகர்களைத் தமிழ் பேசவைத்த இம்மண், தீப்பெட்டி ஒட்டிய தன் கைகளின் கதையைப் படமாக வரைந்தது மிகக் குறைவு. அதை வரைந்து ஒருவர் மேசை போடும் நாளில், பத்தாண்டு கண்ட இவ்வட்டத்தார் விலை கொடுத்தே வாங்குக. அன்பளிப்புப் படி கேட்க வேண்டா.