சக்கரம் வச்ச கேன் வாங்கலாமா? – பெட்ரோல், டீசலை வீட்டில் வைக்கும் முறை

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம்ம குழுக்களில் இப்போது கறவை மாட்டுக்கும் ஆட்டுக்கும் மட்டும் கடன் வாங்குவதில்லை. களை எடுக்கும் மெஷின், புல் வெட்டும் மெஷின், பெட்ரோல் ஸ்பிரேயர், ஆயில் இன்ஜின் என்று பலதும் வாங்கியிருக்கிறோம். மெஷின் வந்ததும் மாலை போட்டு, பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்தோம். அதற்கு ஊற்றுகிற எண்ணெயை எங்கே வைக்கிறோம், எதில் வைக்கிறோம் என்று மட்டும் யாரும் பேசுவதில்லை. தண்ணி பாட்டிலில் பெட்ரோல், கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் மண்ணெண்ணெய், பழைய சமையல் எண்ணெய் கேனில் டீசல். அதுவும் அடுப்படி மூலையில்!

“சக்கரம் வச்ச பெரிய கேன் வருதாமே, தள்ளிக்கிட்டே போகலாமாமே, அதை வாங்கலாமா?” என்று சில குழுக்களில் கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்த உரை.

எண்ணெயின் குணம் தெரியணும்

பெட்ரோல் எரிகிறது என்று சொல்கிறோம். உண்மையில் எரிவது அதிலிருந்து கிளம்பும் ஆவி. அந்த ஆவி கண்ணுக்குத் தெரியாது. காற்றைவிடக் கனமானது. அதனால் மேலே போகாமல் தரையோடு தரையாகப் பரவும். கேன் ஒரு மூலையில் இருக்கும், அடுப்பு இன்னொரு மூலையில் இருக்கும். மூடி சரியில்லை என்றால் ஆவி நகர்ந்து அடுப்புக்குப் போய்விடும். “கேன் தள்ளித்தானே இருந்துச்சு” என்று பிறகு சொல்லிப் பிரயோசனம் இல்லை.

டீசலும் மண்ணெண்ணெயும் பெட்ரோல் அளவுக்கு வேகமாகப் பற்றாது. அதற்காக அலட்சியம் கூடாது. தீப்பொறி பட்டால் பற்றுகிற அளவுக்கு ஆவி கிளம்பும் வெப்பநிலை டீசலுக்குக் குறைந்தது 35 டிகிரி இருக்க வேண்டும் என்பது நம் நாட்டுத் தர விதி. பெட்ரோலுக்கோ அது பூஜ்யத்துக்கும் வெகு கீழே. நம்ம ஊர் கத்திரி வெயில் எத்தனை டிகிரி? பல நாள் 40 டிகிரி தொடுகிறது. வெயிலில் கிடக்கும் கேன் அதற்கும் மேலே சூடாகும். அப்படியானால் கோடையில் வெளியே கிடக்கும் டீசல் கேனும் ஆபத்தானதுதானே?

சட்டம் என்ன சொல்லுது?

1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டர் வரை பெட்ரோலை லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். எதில் வைக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. உலோகக் கேன் என்றால் ஒரு கேன் 25 லிட்டருக்கு மேல் போகக் கூடாது. கண்ணாடி, பீங்கான் என்றால் 1 லிட்டர்தான். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. இந்தச் சலுகை சொந்த உபயோகத்துக்கு மட்டுமே, விற்பனைக்குக் கிடையாது. பாட்டிலில் பெட்ரோல் வாங்கி வைத்துப் பெட்டிக்கடையில் விற்கலாம் என்று யாராவது கடன் கேட்டால், குழு ஒத்துக்கொள்ளக் கூடாது. லைசென்ஸ் இல்லாமல் விற்றால் வழக்கு வரும். தீப்பிடித்தால் கடையோடு வீடும் போகும், கடன் மட்டும் மிஞ்சும்.

டீசலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் சட்டம் தாராளமாகவே இடம் கொடுக்கிறது. ஆனால் சட்டம் விட்டது என்பதற்காகக் குடியிருக்கிற வீட்டில் பேரல் வைக்கலாமா? கூடாது.

சக்கரம் வச்ச கேன் யாருக்குத் தேவை?

முதலில் கனத்தைக் கணக்குப் போடுவோம். ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய முக்கால் கிலோ. 20 லிட்டர் என்றால் 15 கிலோ. டீசல் 20 லிட்டர் சுமார் 17 கிலோ. இரும்புக் கேனின் கனமும் சேர்ந்தால் 20 கிலோவைத் தாண்டும். இடுப்பு வலி உள்ளவர்கள், கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனவர்கள் இதைத் தூக்கக் கூடாது. அவர்களுக்குச் சக்கரம் உதவிதான், இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் சக்கரத்தோடு சேர்ந்தே வருகிற பெரிய கேன்கள் பல 50 லிட்டருக்கு மேல் பிடிக்கும், பெரும்பாலும் பிளாஸ்டிக். பெட்ரோலுக்கு அது சட்டப்படியே சரிவராது. டீசல் ஊற்றி வைத்தாலும் நிறைந்தால் 40 கிலோவுக்கு மேல் கனக்கும். சிமென்ட் தரையில் உருளும். நம்ம வரப்பிலும் மண் பாதையிலும் சின்னச் சக்கரம் புதைந்து நிற்கும். இழுக்கிற வேகத்தில் கவிழ்ந்தால் அத்தனையும் மண்ணில்.

அதனால் என் யோசனை இதுதான். சக்கரத்துக்காகக் கேன் வாங்காதீர்கள். கேனைத் தனியாக வாங்குங்கள். தூக்க முடியாதவர்கள் இருந்தால், பெரிய ரப்பர் சக்கரம் போட்ட சின்னத் தள்ளுவண்டி ஒன்றைத் தனியாக வாங்கி, 20 லிட்டர் இரும்புக் கேனை நிமிர்த்தி வைத்து, கயிற்றால் கட்டித் தள்ளலாம். அதே வண்டி உர மூட்டைக்கும் தண்ணிக் குடத்துக்கும் ஆகும்.

எத்தனை லிட்டர் கேன் வேண்டும்?

ஒரு வாரம் மெஷின் ஓட்டி நோட்டில் எழுதுங்கள். ஒரு நாளைக்கு 2 லிட்டர், வாரத்தில் 4 நாள் என்றால் 8 லிட்டர். அந்தக் குழுவுக்கு 10 லிட்டர் கேன் போதும். ஸ்பிரேயர் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு 5 லிட்டர் கேனே அதிகம். பெட்ரோலை மாதக்கணக்கில் வைத்தால் வீரியம் குறையும், மெஷின் ஸ்டார்ட் ஆகாமல் மக்கர் பண்ணும். ஒரு வாரத் தேவைக்கு மேல் சேர்த்து வைப்பதால் லாபம் எதுவும் இல்லை.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

• எரிபொருளுக்கென்றே செய்த உலோகக் கேனாக இருக்கட்டும். பூச்சி மருந்து கேன், சமையல் எண்ணெய் டின் வேண்டாம்.
• மூடியில் ரப்பர் வாஷர் இருக்கணும். கடையிலேயே கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, மூடித் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். சொட்டினால் வேண்டாம். வாங்கி வந்த பின் நன்றாகக் காய வைத்துவிட்டுத்தான் எண்ணெய் பிடிக்க வேண்டும்.
• பற்றவைத்த ஓரங்களை விரலால் தடவிப் பாருங்கள். துருவும் பொத்தலும் இருக்கக் கூடாது.
• கைப்பிடி உறுதியாக இருக்கணும்.
• ஊற்றுவதற்கு நீண்ட மூக்கோ, வலை வைத்த புனலோ சேர்த்து வாங்குங்கள். பெரிய கேனுக்குக் கைப்பம்ப் வாங்குங்கள். டியூப் விட்டு வாயால் உறிஞ்சுகிற பழக்கத்தை இன்றோடு விட்டுவிட வேண்டும்.
• பெட்ரோலுக்கு ஒரு கேன், டீசலுக்கு ஒரு கேன். பெயரைப் பெயின்டில் பெரிதாக எழுதுங்கள். எழுத்து தெரியாத அம்மாக்களுக்காக பெட்ரோல் கேனில் சிவப்புப் பட்டை அடித்துவிடுங்கள்.

பங்கில் பிடிக்கும்போது

கேனை வண்டி மேலேயோ டிராக்டர் மேலேயோ வைத்துப் பிடிக்கக் கூடாது. தரையில் இறக்கி வைத்துத்தான் பிடிக்கணும். எண்ணெய் பாயும்போது நிலை மின்சாரம் உண்டாகும். கேன் தரையில் இருந்து, பிடிக்கிற குழாயின் மூக்கு கேனைத் தொட்டுக்கொண்டிருந்தால் அது தரைக்கு இறங்கிவிடும். இல்லாவிட்டால் சின்னப் பொறி தட்டும். பெட்ரோல் ஆவிக்கு அந்தப் பொறி போதும்.

விளிம்பு வரை நிரப்பாதீர்கள். சூட்டில் பெட்ரோல் விரியும். நாலு விரல் இடம் விட்டு மூடுங்கள். பஸ்ஸிலும் ரயிலிலும் எடுத்துப் போகவே கூடாது. “துணிப்பைக்குள்ளதானே இருக்கு” என்று நினைத்தால், அதே பஸ்ஸில் நம்ம பிள்ளைகளும்தான் போகிறார்கள்.

வீட்டில் எங்கே வைப்பது?

அடுப்படி வேண்டாம். சாமி விளக்கு எரியும் இடம் வேண்டாம். படுக்கிற அறையும் வைக்கோல் போர் பக்கமும் கூடவே கூடாது. வீட்டை விட்டுத் தள்ளி, நிழலாக, காற்றோட்டமாக, பூட்டு போட்ட கொட்டகையில் வையுங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணல் எப்போதும் இருக்கட்டும். எண்ணெய் பற்றினால் தண்ணீர் ஊற்றக் கூடாது. எண்ணெய் தண்ணீர் மேல் மிதந்து தீயைப் பரப்பும். மணல் போட்டு மூடணும். அடங்காவிட்டால் எல்லோரும் வெளியே வந்து 101-க்குப் போன் செய்யுங்கள். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது எண்ணெய் ஊற்றாதீர்கள். நிறுத்தி, சூடு ஆறின பிறகு ஊற்றுங்கள்.

பிள்ளைகள் குடித்துவிட்டால்

தண்ணி பாட்டிலில் எண்ணெய் வைக்கக் கூடாது என்று இவ்வளவு வற்புறுத்துவதற்கு இதுதான் பெரிய காரணம். தாகத்தில் வந்த குழந்தைக்கு அது தண்ணிதான். மண்ணெண்ணெயோ பெட்ரோலோ குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணி, புளித் தண்ணி கரைத்துக் கொடுக்காதீர்கள். வாந்தி எடுக்கும்போது எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். உயிருக்கே ஆபத்து அதில்தான். எண்ணெய் பட்ட சட்டையைக் கழற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். குடித்த பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள், டாக்டருக்கு உதவும். குழந்தை நன்றாக விளையாடினாலும் ஆஸ்பத்திரியில் காட்டாமல் இருக்கக் கூடாது. மூச்சுத் திணறல் சில மணி நேரம் கழித்தும் வரலாம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் செய்ய வேண்டியவை

1. யார் வீட்டில் என்ன எண்ணெய், எதில், எங்கே இருக்கிறது என்று எல்லோரும் சொல்லுங்கள்.
2. பாட்டிலில் எண்ணெய் வைப்பதில்லை என்று தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.
3. மெஷினுக்குக் கடன் கொடுக்கும்போது கேனுக்கான பணத்தையும் சேர்த்தே கொடுங்கள்.
4. இரண்டு உறுப்பினர்கள் மாதம் ஒரு முறை மெஷின் கொட்டகையைப் பார்த்துக் கூட்டத்தில் சொல்லட்டும்.

வட்டி கட்டி வாங்கின மெஷின் நமக்குச் சோறு போட வேண்டும். ஒரு பாட்டில் எண்ணெயால் அதே வீட்டில் துக்கம் வந்துவிடக் கூடாது. கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதும், விளக்கு ஏற்றுவதற்கு முன்னாடி, அடுப்படி மூலையை ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.